சாட்டிலைட் இன்டர்நெட் தட்டு செய்யணுமா, முதல்ல டெஸ்ட்ட யோசிங்க

போன தீபாவளிக்கு கெடாவுல தோட்டத்துப் பக்கம் இருக்கற சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபைபர் அந்தப் பக்கம் வரல, அதனால கூரை மேல சாட்டிலைட் தட்டு மாட்டியிருக்காங்க. சித்தி சிங்கப்பூர்ல இருக்கற மகன்கிட்ட வீடியோ கால் பேசிட்டு இருக்காங்க, சாயங்கால மழை சட்டுனு புடிச்சுது, அண்ணன் முகம் போன்ல அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏன்டா, பினாங்குல நீங்க செய்யாத சாமானே இல்லைங்கறாங்க, இத நம்ம ஊரு மழைக்கு ஏத்த மாதிரி செய்ய முடியாதா?"ன்னு கேட்டாரு. அன்னிக்கு சரியா பதில் சொல்ல வரல. பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியாவுல 16 வருஷமா ஆர்எஃப் போர்டு, அதாவது ரேடியோ சிக்னல் ஓடற சர்க்யூட் போர்டு, டெஸ்ட் பண்ற வேலதான் பாக்கறேன், தெரிஞ்சத எல்லாம் இங்க எழுதி வைக்கறேன். இன்ஜினியரிங் படிக்கற தம்பி தங்கச்சிங்க, ஏற்கனவே ஃபேக்டரியில இருந்துக்கிட்டு டிசைன் பக்கம் போகணும்னு ஆசைப்படறவங்க, உங்களுக்காகத்தான்.

நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணுதான். இந்தத் தட்ட வரையறதுக்கு முன்னாடியே, ஃபேக்டரி லைன்ல இத எப்படி டெஸ்ட் பண்ணப் போறோம்னு முடிவு பண்ணிடுங்க. ஒரே ஒரு தட்டு லேப்ல வேல செய்ய வைக்கறது நல்ல டீமுக்கு முடியற காரியம். ஒரு நாளைக்கு 2000 தட்டு ஒரே மாதிரி வெளிய வரணும்னாதான் கஷ்டம் ஆரம்பிக்குது.

முதல் கேள்வி, எந்த நெட்வொர்க்குக்கு செய்யறோம்? இத விட்டுட்டு ஆன்டெனா வரைய உக்காரக்கூடாது. ஸ்டார்லிங்க் 2023ல மலேசியாவுக்கு வந்துச்சு, ஆனா அவங்க தட்ட அவங்களேதான் டிசைன் பண்றாங்க, வெளியாள் செஞ்ச தட்டு அதுல சேராது. ஒன்வெப்னு இருக்கற இன்னொரு சாட்டிலைட் நெட்வொர்க் வேற மாதிரி, மத்த கம்பெனிங்க செய்யற தட்டுங்கள அவங்க அப்ரூவ் பண்ணி சேத்துக்கறாங்க. மோடம் யாருது, அலைவரிசை எது, எந்த உயரத்துல சாட்டிலைட் ஓடுது, எல்லாமே இங்கதான் முடிவாகுது. ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துல ஓடுது, ஒன்வெப் 1200. பழைய மாதிரி ஒரே எடத்துல நிக்கற சாட்டிலைட்டுன்னா 35,786 கிலோமீட்டர், சிக்னல் மேல போய் கீழ வரவே கால் செகண்டு ஆயிடும், நீங்க "ஹலோ" சொல்லி பதில் வர்றதுக்குள்ள அரை செகண்டு.

உயரம் கம்மின்னா இன்னொரு லாபம், சிக்னல் வழியில தேயறது கம்மி. 12 கிகாஹெர்ட்ஸ்ல 550 கிலோமீட்டருக்கு சுமார் 169 டிபி (டெசிபல், 10 டிபின்னா 10 மடங்கு, 20 டிபின்னா 100 மடங்கு) போகும், 35,786 கிலோமீட்டருக்கு 205 டிபி. அந்த 36 டிபி வித்தியாசத்தாலதான் பெரிய கிண்ணம் இல்லாம கைக்கு அடக்கமான தட்டு போதும்னு ஆச்சு. ஆனா கீழ ஓடற சாட்டிலைட் நிக்காது, செகண்டுக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும், சில நிமிஷத்துல வானத்த கடந்துடும், அடுத்தது வரும், அதப் புடிக்கணும். மோட்டர் வச்சு திருப்பிக்கிட்டே இருந்தா தேஞ்சு போயிடும். அதனாலதான் ஃபேஸ்டு அர்ரே, அதாவது நூத்துக்கணக்கான குட்டி ஆன்டெனாவ ஒரே தட்டுல அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் போற சிக்னல கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விட்டு, தட்டு அசையாமலே பீம்ம, அதாவது சிக்னல் குவிஞ்சு போற திசைய, மட்டும் திருப்பறது.

இப்ப சித்தப்பா கேட்ட மழை. கூ பேண்ட்னு சொல்ற அலைவரிசையில தட்டு கேக்கறது 10.7ல இருந்து 12.7 கிகாஹெர்ட்ஸ், மேல அனுப்பறது 14ல இருந்து 14.5. இந்த அலைவரிசையில மழைத்துளி சிக்னல நல்லாவே தின்னும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல அடிக்கற மழையில 12 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு கிலோமீட்டருக்கு அஞ்சரை டிபி போகும். அதுக்கும் மேல இருக்கற கா பேண்ட் போனீங்கன்னா 20 கிகாஹெர்ட்ஸ்ல சுமார் 12, 30ல 19. ஐடியூ, அதாவது உலகத் தொலைத்தொடர்பு சங்கத்தோட பழைய மழை மண்டலப் பட்டியல்ல மலேசியா இருக்கறது பி (P) மண்டலம், வருஷத்துல 0.01 சதவீத நேரம், அதாவது மொத்தமா 53 நிமிஷம், மணிக்கு 145 மில்லிமீட்டருக்கு மேல அடிக்கும்னு கணக்கு. நம்ம ஊரு இடிமழை ஒரு சின்ன எடத்துல கொட்டும், சிக்னல் வர்ற வழி முழுக்க அதே அடை மழை இருக்காது, ஆனா 2 கிலோமீட்டர் இருந்தாலே 11 டிபி போச்சு, வந்த பவர்ல 12ல ஒரு பங்குதான் மிச்சம். அதோட நிக்காது. வானம் தெளிவா இருக்கும்போது தட்டு பாக்கறது குளிர்ந்த வானம், மழை வந்தா தட்டு பாக்கறது வெதுவெதுப்பான தண்ணி, அந்தத் தண்ணியே இரைச்சலா உள்ள வரும். சிக்னல் கீழ போகும், இரைச்சல் மேல வரும், ரெண்டு பக்கமும் அடி. லிங்க் பட்ஜெட், அதாவது சிக்னல் எங்க எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும்ங்கற கணக்கு, போடும்போது ஐரோப்பா ஊருக்குப் போட்ட மார்ஜின அப்படியே எடுத்து வச்சீங்கன்னா சித்தி கால் மாதிரிதான் ஆகும். 53 நிமிஷமும் விழாம இருக்கணும்னா தட்டு விலை எகிறிடும், அதனால எவ்வளவு மழை வரைக்கும் தாங்கணும், அதுக்கு மேல எப்படி மெதுவா வேகத்த குறைச்சுக்கிட்டு லைன் அறாம இருக்கணும்னு முன்னாடியே எழுதி வைங்க. என்னைக் கேட்டா, வேகம் பாதியா குறைஞ்சாலும் பரவால்ல, லைன் அறக்கூடாது.

இன்னொரு விஷயம் இருக்கு, இத வெளியூர் ஆளுங்க எழுதின கைடுல அதிகமா பாக்க மாட்டீங்க. நம்ம பினாங்கு இருக்கறது 5.4 டிகிரி வடக்கு, கிட்டத்தட்ட பூமத்திய ரேகை. ஒரே எடத்துல நிக்கற சாட்டிலைட்டுங்க எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலதான் வரிசையா நிக்குது, அதனால நம்ம தலைக்கு நேர் மேல, உச்சியில இருந்து ஒரு 6 டிகிரி தெற்க, கிழக்குல இருந்து மேற்கு வரைக்கும் ஒரு பட்டை மாதிரி அந்த வரிசை போகுது. கீழ ஓடற சாட்டிலைட் சிஸ்டம் எல்லாம் அந்தப் பழைய சாட்டிலைட்டுங்களுக்கு இடைஞ்சல் பண்ணக்கூடாதுங்கறது சட்டம், அதனால அந்தப் பட்டைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்ச டிகிரிய ஒதுக்கி விட்டுட்டுத்தான் பேசணும். லண்டன்ல இருக்கறவனுக்கு அந்தப் பட்டை தெற்க தாழ்வா கிடக்கும், அவன் உச்சி வானம் ஃப்ரீ. நமக்கு உச்சி வானமே பட்டைக்குள்ள போயிடுது. ஃபேஸ்டு அர்ரே நல்லா வேல செய்யறது நேர் மேல பாக்கும்போதுதான், 60 டிகிரி சாய்ஞ்சு பாத்தா 3ல இருந்து 4 டிபி வரைக்கும் போயிடும். ஆக மொத்தம் நல்ல எடத்த மத்தவனுக்கு விட்டுக் குடுத்துட்டு, சாய்வா பாத்து, அதிக தூரம், அதிக மழை வழியா பேசணும். இதுக்கு மேல, 53 டிகிரி சாய்வுல சுத்தற சாட்டிலைட்டுங்க 53 டிகிரி அட்சரேகைக்கிட்டத்தான் நெருக்கமா கூடும், பூமத்திய ரேகைக்கிட்ட கலைஞ்சு கிடக்கும். அதனால நம்ம ஊருக்கு தட்டு செய்யறவங்க, உச்சியில எவ்வளவு கெயின் (சிக்னல ஒரு திசையில குவிக்கற பலம்) வருதுன்னு பெருமையா போட்டு வைக்காம, 50, 60 டிகிரி சாய்வுல எவ்வளவு வருதுங்கறத வச்சு டிசைன் பண்ணுங்க. ஸ்பெக் ஷீட்டுல முதல் வரியே அதுதான் இருக்கணும்.

சரி, தட்டு அளவுக்கு வருவோம். 50க்கு 30 சென்டிமீட்டர் தட்டுன்னு வச்சுக்கோங்க. 60 டிகிரி வரைக்கும் பீம் திரும்பணும், போலி பீம் இன்னொரு பக்கம் முளைக்கக்கூடாதுன்னா எலிமெண்டுங்களுக்கு, அதாவது அந்தக் குட்டி ஆன்டெனாங்களுக்கு, நடுவுல அலைநீளத்துல பாதிக்கு கொஞ்சம் மேலதான் எடைவெளி விடலாம். 14.5 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 20.7 மில்லிமீட்டர், எடைவெளி 11 மில்லிமீட்டர் வரும். அப்படின்னா ஒரு பக்கம் 45, இன்னொரு பக்கம் 27, மொத்தம் 1200 எலிமெண்ட் சொச்சம். பீம்ம திருப்பற பீம்ஃபார்மர் சிப் ஒண்ணு 4 எலிமெண்ட்ட பாத்துக்கும்னா 300 சிப். ஒரு சிப் 150 மில்லிவாட் தின்னாக்கூட 45 வாட், அது எல்லாம் சூடா மாறி அந்தத் தட்டுக்குள்ளயே நிக்கும். இந்த 1200, 300, 45 மூணு நம்பரையும் மனசுல வைங்க, இனிமே வர்றது எல்லாம் இதோட சண்டைதான்.

போர்டு மெட்டீரியல்ல காச மிச்சம் பண்ணலாம்னு எல்லாருக்கும் தோணும். சாதாரண சர்க்யூட் போர்டு மெட்டீரியலான எஃப்ஆர்-4 விலை கம்மிதான், ஆனா அதோட லாஸ் டேன்ஜென்ட் (சிக்னல எவ்வளவு தின்னும்ங்கற அளவு) 0.02 பக்கம், ரோஜர்ஸ் 4350பி மாதிரி சாமான் 0.0037. கேக்கற பக்கத்துல, ஆன்டெனாவுக்கும் முதல் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல 1 டிபி தொலைஞ்சா சுமார் 75 கெல்வின் இரைச்சல் கூடும் (இரைச்சல வெப்ப அளவுலதான் சொல்வாங்க), அரை டிபின்னா 35. அத அப்புறமா எந்த ஆம்ப்ளிஃபையராலயும் திருப்பி எடுக்க முடியாது. அதனால சிப்ப எலிமெண்டுக்கு பின்னாடியே ஒட்டினாப்ல வைங்க, அந்த சில மில்லிமீட்டர் டிராக் மட்டும் நல்ல மெட்டீரியல்ல போகட்டும், பவரும் டிஜிட்டலும் போற லேயருக்கு விலை கம்மியான மெட்டீரியல் போதும். ரெண்டு வித மெட்டீரியல ஒண்ணா அழுத்தி ஒட்டறப்ப லேயர் அடுக்கு மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கணும், செம்பும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், இல்லாட்டி போர்டு அப்பளம் மாதிரி வளையும். ஸ்டாண்டர்டுல 0.75 சதவீத வளைவு ஓகேன்னு இருக்கும், 500 மில்லிமீட்டர் போர்டுக்கு அது 3.75 மில்லிமீட்டர், பேப்பர்ல பாஸ், ஆனா லைன்ல அந்த போர்டுல சிப் ஒழுங்கா உக்காராது. போர்டு செய்யற சப்ளையர்கிட்ட இத விட இறுக்கமான நம்பர முதல்லயே எழுதி வாங்கிக்கோங்க, ஆர்டர் போட்டப்புறம் கேட்டா விலைய ஏத்துவாங்க.

டிராக் நீளமும் அப்படித்தான். 12 கிகாஹெர்ட்ஸ்ல இந்த மாதிரி மெட்டீரியலுக்குள்ள அலைநீளம் சுமார் 13 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் தப்பினா ஃபேஸ், அதாவது அலை முன்ன பின்ன வர்ற அளவு, சுமார் 28 டிகிரி தப்பும். ஒரு ஃபேக்டரியில இருந்து வர்ற போர்டு லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறத்தான் செய்யும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அத டிசைன்ல ஒழிக்கப் பாக்காதீங்க, அளந்து சரி பண்ணுங்க. அங்கதான் என் வேல ஆரம்பிக்குது.

லைன்ல அளக்கறது

1200 எலிமெண்டும் எவ்வளவு ஃபேஸ் தள்ளியிருக்கு, எவ்வளவு சத்தமா இருக்குன்னு ஒவ்வொரு தட்டுக்கும் அளந்து, அந்தத் தட்டோட மெமரியிலயே எழுதி வைக்கணும், இதுக்குப் பேரு காலிப்ரேஷன். இது இல்லாம பீம் கோணலா போகும், பக்கத்து சாட்டிலைட்டுல போய் இடிக்கும். இப்ப கணக்குப் பாருங்க. 50 சென்டிமீட்டர் தட்ட தூரத்துல இருந்து ஒழுங்கா அளக்கணும்னா 20 மீட்டர் தள்ளி நிக்கணும், எந்த லைன்ல 20 மீட்டர் காலி எடம் குடுப்பாங்க? அதனால கிட்ட வச்சு அளக்கற சேம்பர், அதாவது வெளி சிக்னல் வராத அடைச்ச ரூம்தான் கட்டணும். லைன்ல 40 செகண்டுக்கு ஒரு தட்டு வருது, சேம்பர்ல ஒரு தட்டுக்கு 10 நிமிஷம் ஆகுதுன்னா 15 சேம்பர் வேணும். ஒவ்வொரு சேம்பருக்கும் சிக்னல் அளக்கற அனலைசர், எதிர்ல நிக்கற ப்ரோப் ஆன்டெனா, சிக்னல் திரும்பி அடிக்காம உள்ள ஒட்டற நுரை, ஆளு. தட்டோட விலை அங்கயே ஏறிடும், தோட்டத்து வீட்டுக்கு அது எட்டவே எட்டாது.

அதனால சிப் ஸ்பெக் எழுதற அன்னிக்கே டெஸ்ட் இன்ஜினியர் பக்கத்துல உக்காந்து இதெல்லாம் கேட்டு வாங்கணும். ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் ஒரு பவர் டிடெக்டர், ஒரு டெம்பரேச்சர் சென்சர். ஃபேஸ் செட்டிங்க எல்லாம் முன்கூட்டியே சிப்புக்குள்ள போட்டு வச்சு ஒரு பல்ஸ்ல அடுத்ததுக்கு மாத்தற வசதி. இது இருந்தா ஒவ்வொரு எலிமெண்ட்டா ஆன் பண்ணி ஆஃப் பண்ணி அளக்க வேண்டியதில்ல, எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆன்ல வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ப்ளஸ் மைனஸ் வரிசை குடுத்து ஃபேஸ தலைகீழா மாத்திக்கிட்டே இருந்தா, எதிர்ல நிக்கற ஒரே ஒரு ப்ரோப் வாங்கின சிக்னல்ல இருந்து கணக்குப் போட்டு 1200ஐயும் பிரிச்சு எடுத்துடலாம். ஒத்தை எலிமெண்ட் முணுமுணுக்கறத கேக்கறதுக்கும், எல்லாரும் சேந்து பாடறதுல இருந்து ஒவ்வொரு குரலா பிரிக்கறதுக்கும் இருக்கற வித்தியாசம் இது, இரைச்சல் கம்மியாகும், நேரமும் கம்மியாகும். 10 நிமிஷம் 1 நிமிஷமானா 15 சேம்பர் 2 ஆயிடும். ஆனா சிப்ல அந்த வசதி இல்லாட்டி அப்புறம் டெஸ்ட் டீம் தலைகீழா நின்னாலும் முடியாது.

இன்னொண்ணு, அளக்கற சாமானையே நம்பாதீங்க. முன்ன நான் வேல செஞ்ச ஒரு எடத்துல, வேற ஒரு ரேடியோ போர்டு, மத்தியான ஷிஃப்டுல மட்டும் ஃபெயில் ஆக ஆரம்பிச்சுது. சோல்டர் பேஸ்ட் மாத்தினோம், சிப் லாட்ட நிறுத்தி வச்சோம், ஓவன் ப்ரொஃபைல திரும்ப ஓட்டினோம், மூணு நாள் போச்சு. நாலாம் நாள் அந்த ஸ்டேஷன்ல நிக்கற அக்கா வந்து, "தம்பி, கோல்டன் யூனிட்ட வச்சுப் பாத்தேன், அதுவும் ஃபெயில் ஆகுது"ன்னாங்க. கோல்டன் யூனிட்னா நல்லதுன்னு ஏற்கனவே அளந்து வச்ச போர்டு, அதுவே ஃபெயில்னா கோளாறு அளக்கற பக்கம். போர்ட மாட்டி அளக்கற ஃபிக்சர் கேபிளோட கனெக்டர் தேஞ்சு போயிருந்துச்சு, மத்தியானம் அந்த மூலை சூடானா தொடுப்பு விட்டுப் போகுது. போர்டு ஒண்ணுல கூட குறையில்ல. அந்த அக்கா சொன்னத அன்னியில இருந்து நான் விடறதே இல்ல: ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்துலயும் கோல்டன் யூனிட் ஓடணும், நம்பர் எழுதணும், வரம்பு தாண்டினா லைன் நிக்கணும். கோல்டன் யூனிட் மூணு செய்ங்க, ஒண்ணு லைன்ல, ஒண்ணு லேப்ல, ஒண்ணு பூட்டி வச்ச பீரோவுல. கேபிள மாட்டறதுக்கு அளவா முறுக்கற டார்க் ரெஞ்ச் குடுங்க, எத்தன தடவ மாட்டிக் கழட்டினோம்னு எண்ணி, எண்ணிக்கை வந்தா நல்லா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. புது ஸ்டேஷன் வந்தா 10 போர்டு, 3 ஆளு, ஆளுக்கு 3 தடவ அளந்து பாருங்க, போர்டுக்கு போர்டு வர்ற வித்தியாசத்த விட ஆளுக்கு ஆள் வர்ற வித்தியாசம் பெருசா இருந்தா அந்த ஸ்டேஷன் இன்னும் ரெடியாகல.

எத ரிஜெக்ட் பண்ணனும்ங்கறதையும் முன்னாடியே முடிவு பண்ணனும். 300 சிப், சிப்புக்கு 40 கால்னு வச்சா 12,000 சோல்டர் ஜாயிண்ட். பத்து லட்சத்துல 50 ஜாயிண்ட் கெட்டாலும் சராசரியா ஒரு போர்டுக்கு 0.6 குறை, குறையே இல்லாத போர்டு 55 சதவீதம்தான் வரும். 50ஐ 10ஆ குறைச்சா 89 சதவீதம். நல்ல ஃபேக்டரியில கூட 100க்கு 11 போர்டுல ஏதோ ஒண்ணு இருக்கும். எல்லாத்தையும் தூக்கிப் போட்டா கம்பெனி நிக்காது. ஆனா பாருங்க, 1200ல 4 எலிமெண்ட் செத்தா 0.03 டிபிதான் போகும், யாருக்கும் தெரியாது. 60 எலிமெண்ட் அங்கங்க செத்தா கூட அனுப்பற பவர்ல அரை டிபிக்குள்ளதான். அதே சமயம் ஒரு சிப் ஷார்ட் ஆகி பக்கத்து சிப்போட கரண்ட்டையும் இழுத்துக்கிட்டா அது விஷம், செத்த எலிமெண்டுங்க ஒரே மூலையில கூட்டமா இருந்தாலும் பீம் வடிவம் கெட்டு, அனுப்பற பக்கம் சட்ட வரம்ப தாண்டிடலாம். அதனால "எத்தன செத்துச்சு"ன்னு மட்டும் பாக்காம "எங்க, எப்படி செத்துச்சு"ன்னு பாத்து பாஸ் போடற சாஃப்ட்வேர் எழுதுங்க. பெரிய போர்டுல ஒரு சிப்ப எடுத்துட்டு வேற வைக்கறதுக்கு அந்த எடத்த மறுபடி சூடு பண்ணனும், பக்கத்துல இருக்கற நல்ல ஜாயிண்ட் கெடும், போர்டு வளையும். 4 எலிமெண்டுக்காக அந்த ரீவொர்க் பண்ணவே கூடாதுங்கறது என் கட்சி.

எஸ்எம்டி, அதாவது போர்டு மேல சிப் வச்சு சோல்டர் பண்ற வேலைய, பினாங்குல சொல்லித் தர வேண்டியதில்ல, 1972ல பாயான் லெப்பாஸ் ஃப்ரீ ட்ரேட் ஸோன் ஆரம்பிச்சதுல இருந்து நம்ம அம்மா, பெரியம்மாங்க மைக்ராஸ்கோப் பாத்து கத்துக்கிட்ட தொழில் இது. இந்தத் தட்டுக்குன்னு இருக்கறத மட்டும் சொல்றேன். போர்டு பெருசு, சோல்டர உருக்கற ரீஃப்ளோ ஓவன்ல நடுவுல தொங்கும், அதனால தாங்கற பாலெட் வேணும், அந்த பாலெட் தன் பங்குக்கு சூட்ட உறிஞ்சும், ஆக ப்ரொஃபைல் (எந்த எடம் எவ்வளவு சூடாகுதுங்கற பதிவு) எடுக்கும்போது சூடு அளக்கற தெர்மோகப்பிள ஓரத்துல மட்டும் ஒட்டாம நடுவுலயும் ஒட்டணும். எஸ்ஏசி305 சோல்டர் பேஸ்ட் 217ல இருந்து 220 டிகிரியில உருகும், 500 மில்லிமீட்டருக்கு எல்லா எடமும் அத நல்லா தாண்டணும், ஆனா ஓரம் வேகக்கூடாது. சிப் அடியில சூடு எறங்கற பேட்ல காத்துக் குமிழி நின்னா அந்த சிப் மட்டும் சூடாகி ஃபேஸ் தள்ளும், பேஸ்ட் பூசற ஸ்டென்சில் தகட்டோட ஓட்டைய ஒரே பெரிய ஓட்டையா வெட்டாம ஜன்னல் கம்பி மாதிரி பிரிச்சு வெட்டுங்க, எக்ஸ்ரேல பாத்துக்கோங்க. ஈரமும் பெரிய எதிரிலா. எம்எஸ்எல் 3 (ஈரம் எவ்வளவு தாங்கும்ங்கற வகுப்பு) சிப்புன்னா பாக்கெட் பிரிச்சப்புறம், 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள்ள, 168 மணி நேரம்தான் ஆயுசு. வெளிய நம்ம ஊர்ல ஈரப்பதம் 80க்கு மேல சாதாரணமா நிக்கும். நீண்ட லீவுல ஏர்கான் நிறுத்தினாங்கன்னா அந்தக் கணக்கு செல்லாது, ட்ரை கேபினட்டுல பூட்டி வைங்க, சந்தேகம் இருந்தா சூட்டுல வச்சு ஈரத்த காய வச்சுட்டுத்தான் லைன்ல போடணும்.

வெயிலும் தண்ணியும்

மத்தியானம் 2 மணிக்கு கூரைத் தகடு மேல தட்டு 65 டிகிரி சூட்டுல கிடக்கு, உள்ள 45 வாட் வேற எரியுது. 4 மணிக்கு மழை கொட்டுது, தட்டு 28 டிகிரிக்கு சட்டுனு எறங்குது. உள்ள அடைச்ச காத்து சுருங்கி அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல குறையும், அப்ப சீல்ல மயிரிழை ஓட்டை இருந்தாலும் மேல நிக்கற மழைத்தண்ணிய உள்ள உறிஞ்சிடும். தண்ணி புகாதுங்கற ஐபி67 தரம்னு அறை வெப்பத்துல ஒரு தடவ தண்ணியில முக்கி எடுத்து பாஸ் போட்டா நம்ம ஊருக்குப் போதாது. சூடு பண்ணி, சூடா இருக்கும்போதே தண்ணி ஊத்தி, அத நூறு தடவ செஞ்சுட்டு பிரிச்சுப் பாருங்க. காத்து போகும் தண்ணி போகாதுங்கற சவ்வு வச்ச வென்ட் ஒண்ணு பின்பக்கம் கண்டிப்பா வைங்க, சின்ன சாமான்தான், அதுல மிச்சம் புடிக்காதீங்க.

முன்பக்க மூடிய ரேடோம்னு சொல்வாங்க. பிளாஸ்டிக் ஷீட்டோட தடிமன சும்மா உறுதிக்காக கூட்டினா சிக்னல் திரும்பி அடிக்கும். ரொம்ப மெல்லிசா வைக்கணும், இல்லாட்டி பொருளுக்குள்ள அலைநீளத்துல சரிபாதி வைக்கணும், பாலிகார்பனேட்ல 12 கிகாஹெர்ட்ஸுக்கு அது ஏழரை மில்லிமீட்டர் பக்கம் வரும். நடுவுல ஏதோ ஒரு தடிமன்ல நின்னா நஷ்டம். மேல தண்ணி படலமா தேங்கினா அது தனி நஷ்டம், அதனால தண்ணி ஒட்டாத பூச்சு, தட்டு கொஞ்சம் சாய்வா நிக்கற மாதிரி ஸ்டாண்டு. நேர் மட்டமா வைக்கற டிசைன் பாக்க அழகா இருக்கும், நம்ம மழைக்கு ஆகாது. பூச்சு ரெண்டு வருஷ வெயில்ல போயிடும்ங்கறதையும் கணக்குல எடுத்துட்டு, பூச்சு போன தட்ட நனைச்சு அளந்து பாருங்க.

சூட்ட வெளிய தள்ள ஃபேன் வைக்காதீங்க, கரப்பான், பல்லி, உப்புக்காத்து எல்லாம் குடி வந்துடும். பின்பக்கம் அலுமினிய தகடு, சிப்புல இருந்து தகடு வரைக்கும் நல்ல சூடு கடத்தி, அது போதும். பத்து ஃபெரிங்கி, தெலுக் கும்பார் மாதிரி கடலோர வீடுங்கள நெனச்சு சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் ஓட்டுங்க, அலுமினியத்துல சும்மா ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ முறுக்கினா தொட்ட எடத்துல அரிக்கும், நடுவுல பூச்சோ வாஷரோ வேணும்.

இடிக்கு: தீபகற்பத்துல இடி மின்னல் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். நேர் அடி விழுந்தா எதுவும் தாங்காது, பக்கத்துல விழற இடியால கேபிள்ல வர்ற எகிறல் தாங்கணும். கேபிள் ரெண்டு முனையிலயும் சர்ஜ் ப்ரொடெக்‌ஷன் போடுங்க, தட்டு பக்கம் மட்டும் போட்டுட்டு ரவுட்டர அம்போன்னு விடாதீங்க.

சான்றிதழ் வேல கடைசியில பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. மலேசியாவுல விக்கணும்னா எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) விதிப்படி சிரிம் (தரச் சான்று அமைப்பு) கிட்ட சர்டிஃபிகேட் வாங்கி லேபிள் ஒட்டணும். வெளிநாட்டுக்குன்னா, ஐரோப்பாவுக்கு இந்த வகை கூ பேண்ட் தட்டுக்கு எட்சி இஎன் 303 981ங்கற ஐரோப்பிய ஸ்டாண்டர்டு. அதுல பீம் பக்கவாட்டுல எவ்வளவு சிந்தலாம்னு வரம்பு இருக்கு, சாட்டிலைட்ட தொலைச்சா தட்டு உடனே வாய மூடணும்னும் இருக்கு. முன்னாடி சொன்ன காலிப்ரேஷன் ஒழுங்கா இருந்தா பக்கவாட்டு வரம்பு டெஸ்ட்ல பாஸ் ஆகறது சுலபம். அது கோணலா இருந்தா எந்த லேபுக்கு அனுப்பினாலும் திரும்பி வரும்.

எல்லாம் முடிஞ்சு முதல் 20 தட்டு லைன்ல வந்ததும் அத ஷோரூமுக்கு அனுப்பாதீங்க. பாலிக் புலாவ் மலையடியில நாலு, பட்டர்வொர்த் கடலோரத்துல நாலு, நிபோங் தெபால் பக்கம் செம்பனைத் தோட்டத்துல நாலு, மிச்சத்த உள்ள கெடா பக்கம்னு தெரிஞ்சவங்க வீட்டுக் கூரையில மாட்டுங்க, பக்கத்துலயே ஒரு மழைமானி வைங்க. ஒவ்வொரு சிப்போட சூடு, ஒவ்வொரு நிமிஷ சிக்னல் அளவு, மழை அளவு மூணையும் ஒரே கடிகாரத்துல பதிவு பண்ணுங்க. செப்டம்பர்ல ஆரம்பிச்சு நவம்பர் முடியற வரைக்கும் ஓட விடுங்க, வடக்குல நல்ல மழை அப்பத்தான். அப்புறம் எல்லாத்தையும் கழட்டிக் கொண்டு வந்து அதே சேம்பர்ல, அதே கோல்டன் யூனிட் பக்கத்துல வச்சு மறுபடி அளந்து, ஃபேக்டரிய விட்டுப் போன அன்னிக்கு எழுதின நம்பரோட ஒப்பிடுங்க. எந்த எலிமெண்ட் எவ்வளவு நகந்துருக்குன்னு அந்தப் பட்டியல்ல தெரியும், ரெண்டாவது ரிவிஷன் போர்ட அத வச்சுத்தான் வரையணும். சித்தப்பா வீட்டுக் கூரையில ஒரு எடம் இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.